அசையும் திரைச்சீலை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேற்கே கறுத்த மேகம் அப்படியே கலைந்தது. வாங்க வேண்டியவை: பால், கண் சொட்டு மருந்து.

பத்து மணிக்கு இணையவழிச் செய்திக் கூட்டம். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக உள்ளே விட்டது. "என் வாய்ஸ் வருதா?" "எக்கோ அடிக்குது சார்." முப்பது வருடம் நிருபராக இருந்துவிட்டு இதைக் கேட்பதே காலை வேலை.

கண்மாய்ச் செய்தி எப்போது வரும் என்று கேட்டேன். சென்னை வீட்டிலிருந்த செய்தி ஆசிரியர் (இனி செ.ஆ.) வாய் பாதி திறந்தபடி உறைந்தார். மற்றவர்கள் பேசியதும் உயிர் வந்தது. இது மூன்றாவது வாரம்.

செய்தி இதுதான். மனை விற்பவர் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டுவிட்டார். படம், வரைபடம், அவர் தரப்புப் பதில் எல்லாம் அனுப்பியாயிற்று. அவருடைய விளம்பரம் ஞாயிறுதோறும் நம் கடைசிப் பக்கத்தில், முழுப் பக்கம்.

மாலை தவமணி போன். அந்தக் கண்மாயை நம்பி நாற்றுப் பாவியிருப்பவர்.

"அண்ணே, பேப்பர்ல காணமே. நாத்து நுனியெல்லாம் வெளுத்துருச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள தண்ணி வரலைன்னா மாட்ட விட்டு மேய்ச்சுற வேண்டியதுதான்."

"போடுவாங்க தவமணி."

"யாருண்ணே போடுறது? நீங்கதான பேப்பர்காரரு?"



அக். 7, செவ்வாய்

தப்பு என் வீட்டு நெட்டில் இருக்குமோ என்று சந்தேகம். காளவாசல் கடையில் புது ரவுட்டர் வாங்கினேன். கடைக்காரர்: "இதப் போட்டா பறக்கும் சார்." பறந்தது. எல்லாரும் தெளிவாகத் தெரிந்தார்கள். கண்மாய் என்றேன். செ.ஆ. உறைந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமால், நம் போட்டோகிராபர், திரையை எட்டிப் பார்த்தான். "மாப்ள, குரூப் போட்டோவுக்கு இப்படி ஒரு ஆளு கெடைக்க மாட்டாருய்யா. கண்ணக்கூட சிமிட்டல."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

அக். 8, புதன்

வெயில். முழங்கால் வலி. வலது மட்டும்.

இன்று முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தேன். செ.ஆ. உறைந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம். அந்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே ரவுட்டர் வாங்கியிருக்கிறேன்.

கத்தப்போவதில்லை. போன மாதம் பக்கம் தாமதமானபோது அவரே போட்ட சட்டம் ஒன்று உண்டு: தனக்கு லைன் போனால் பக்கப் பொறுப்பாளரே முடிவெடுக்கலாம். பொறுப்பாளர் விஜயா. வம்பு எதற்கு என்று இதுவரை எடுத்ததில்லை.

நன்றாகச் சாப்பிட்டேன். நல்ல தூக்கம் வரும்.

அக். 9, வியாழன்

கேட்டேன். உறைந்தார். திரைச்சீலை ஆடியது.

"சாருக்கு லைன் போயிருச்சு. நாம பேசுறது கேக்காது," என்றேன். "விஜயா, மூணாம் பக்கத்துல இடம் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவர் போட்ட ரூல்தானம்மா. கொஞ்சம் காத்திருப்போம். லைன் வந்தா அவரே வேண்டாம்னு சொல்லட்டும்."

காத்திருந்தோம். எனக்கு அவசரமில்லை. செ.ஆ. நெற்றியிலிருந்து வியர்வை ஒரு கோடாக இறங்கியது. அவர் மனைவி வந்து டம்ளரை மேசையில் வைத்தார். "காபி ஆறுது, என்னங்க." எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. என்னங்க அசையவில்லை. கோவை நிருபர் அவசரமாகத் தன் கேமராவை அணைத்தார்.

விஜயா அந்தக் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி சார், எடுத்துக்கறேன். படத்தோட."

உடனே கூட்டத்தை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. காபி முழுதாக ஆறட்டும் என்று மழை நிலவரம் பற்றி நிதானமாகப் பேசினேன்.

அக். 10, வெள்ளி

மூன்றாம் பக்கம், நான்கு பத்தி. ஜமாலின் படம் பெரிதாக.

செ.ஆ. போன். "என்ன சார், என்னைக் கேக்காமப் போட்டுட்டீங்க?"

"கேட்டேனே சார். மூணு வாரமா. உங்களுக்குத்தான் லைன் இல்ல."

"ஆமா, இங்க நெட் ரொம்ப மோசம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார்."

அக். 11, சனி

விடியலில் தூறல். தவமணி போன். பின்னால் இயந்திர இரைச்சல். "பொக்லைன் வந்து மண்ண அள்ளுதுண்ணே. அதிகாரிக நிக்கிறாக. தண்ணி வாய்க்காலுக்குள்ள வந்துருச்சு. எம்புட்டு நாளாச்சு!"

கூட்டம். செ.ஆ.வுக்குப் பின்னால் திரைச்சீலை இல்லை. கடற்கரைப் படம் வைத்திருக்கிறார். தென்னை, நீல வானம். அதில் எதுவும் ஆடாது. யோசித்திருக்கிறார்.

"சார், அந்த மனைகளுக்கு அனுமதி கொடுத்தது யாருன்னு அடுத்த செய்தி ரெடி."

உறைந்தார்.

அவர் மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மெதுவாக மேலே நடந்தது.

நான் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.