பியூஸ் டப்பா மூடியில் ஷாகிர் ஒட்டிய தாள்

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு உன் அப்பா தவசி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் அலையாமல் நல்லபடி இருக்க வேண்டும். இது யார் கையெழுத்து என்று யோசிப்பாய். என்னுடையதுதான், நம்பு. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் ரோகிணி டீச்சரிடம் ஆறு மாதமாய்ப் படிக்கிறேன். பலகையில் திருமங்கலம் என்று வாசித்து ஏறுகிறேன், பஸ்ஸும் திருமங்கலத்துக்கே போகிறது! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. உன் அம்மா, "கலெக்டர் ஆகுற வரைக்கும் இந்த வெங்காயத்தை உரிங்க" என்கிறாள். இதை எழுத நான்கு நாள் ஆனது. டீச்சர் பிழை பார்த்துத் தருகிறேன் என்றார், நான் மறைத்துக்கொண்டேன். போனில் சொல்லவும் வாய் வரவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த பிக்கப்பில் மாப்பிள்ளை தங்கப்பாண்டி ஓட்ட, நானும் அம்மாவும் பின்னால் நின்று காய்கறி விற்கிறோம். திருநகரில் வண்டியை அணைத்து நிறுத்தினால் விளக்கு, தராசு, ஒலிபெருக்கி எல்லாம் செத்துப்போகும். சாவி போடாமலே பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கட்டும் என்று உன் சிநேகிதன் ஷாகிர்தான் கோரிப்பாளையத்தில் அவன் கடையில் வைத்து, ஒரு நாள் முழுக்க வண்டிக்கடியில் படுத்து, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் குழாய்க்குள் விட்டுப் பின்பக்கம் பிளக் வைத்துக் கொடுத்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ் டப்பா. அதன் மூடியில் ஒரு தாளை எழுதி ஒட்டி, "எல்லாம் இதுல இருக்கு அய்யா" என்றான். நானும் வாசித்தவன் போலத் தலையை ஆட்டினேன். அங்கேதான் தொடங்கியது. அடுத்த வண்டிக்காரனைவிட நம் சத்தம் பெரிதாய்க் கேட்க வேண்டும் என்று, திருவிழாவுக்கு மைக் கட்டும் நல்லகாமனிடம் பழைய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியும் நான்கு விளக்கும் வாங்கி மாட்டினேன். பியூஸ் இரண்டு தடவை போனது. வீட்டில் பியூஸ் போனால் கட்டையைப் பிடுங்கி, ஒயரில் நாலு இழை செம்பை உருவிச் சுற்றிவிடுவோமே, அதைப் போல மாப்பிள்ளை டீ குடிக்கப் போன நேரத்தில் நானே சுற்றிவிட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அரை மணியில், திருமங்கலம் சந்தையில் ஒயர் இளகிச் சாக்குப் பற்றி, அம்மாவின் சேலை எரிந்து கணுக்கால் வெந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, எல்லாரும் அவளைத் தூக்கி இறக்கியபோது நான் அவளிடம் போகவில்லை என்பது. முன்னால் ஓடிப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன், கையோடு டப்பாவைத் திறந்து செம்பைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். அப்புறம்தான் அவளிடம் போனேன்.

சந்தை முழுக்க ஷாகிர் வேலை சரியில்லை என்று சொன்னேன். மறுநாள் அவன் கடைக்கே போய், அவனைப் பெற்ற அத்தா அப்துல் அலீமையும் வந்திருந்த ஆட்களையும் வைத்துக்கொண்டு, "என் பொண்டாட்டியக் கொளுத்தப் பாத்தியேடா" என்று கத்தினேன். அவன் வண்டிக்கு வந்து டப்பாவைத் திறந்தான், பார்த்தான், மூடினான். நீயும் என் பேச்சை நம்பி அவனைப் போனில் திட்டி, ஒரு வருஷமாய் ஒதுக்கிவைத்திருக்கிறாய்.

போன வாரம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் திறந்தபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. விரல் வைத்து வாசித்தேன். அய்யா, இதில் பதினைந்து ஆம்பியர் மட்டும் போடுங்கள், எரிந்துபோனால் கம்பி சுற்ற வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள், ஷாகிர். டீச்சர் துணை இல்லாமல் முழுசாய் வாசித்துவிட்ட குதூகலத்தில், "செல்லத்தாயி, வாசிச்சுட்டேன்டி" என்று கத்திவிட்டேன். என்ன எழுதியிருக்கு என்று அவள் ஓடி வந்தாள். அவள் கணுக்காலைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுப் பானையை மூடிவிட்டு, "அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்து சோறு தின்னுங்க" என்றாள்.

போனேன். சொன்னேன். அவன், "அன்னைக்கே தெரியும் அய்யா, நீங்க பிச்சது போக ரெண்டு இழை செம்பு உள்ள ஒட்டியிருந்துச்சு. கடை நிறைய ஆளு, உங்க வயசுக்கு எப்படிச் சொல்றது" என்றான். உன்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "உங்களைப் பத்தி உங்க மகன்கிட்டயா?" என்றான். அவன் அத்தா எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புது ஒயர் இழுத்துத் தந்திருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை சந்தையில், தக்காளி விலை சொல்லும் அதே மைக்கில், தீப்பிடித்தது என் தப்பு, ஷாகிர் மேல் குற்றமில்லை என்று சொல்லப்போகிறேன். "அதெல்லாம் வேணாம் அய்யா" என்கிறான். அவனைக் கெடுத்துச் சொன்ன இடத்தில்தான் இதையும் சொல்ல வேண்டும். கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன்.

எண்ணெய் தேய்த்துக் குளி. இரவில் ரொம்ப நேரம் போன் பார்க்காதே. அழகர் துணையோடு நீண்ட ஆயுசும் நல்ல மனசும் உனக்குக் கிடைக்கட்டும். நான் வாயால் சொன்னதை நம்பி அவனைத் திட்டினாய், கையால் எழுதியதை நம்பி அவனைக் கூப்பிடு.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
உன் அப்பா
சி. தவசி