மடைக்கல் ராணிக்கு யார் குரல்

தேனி பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் உன் நாவலின் புதிய பதிப்பைப் பார்த்தேன். அட்டையில் ஒடிந்துவிடுகிற இடையோடு ஒரு பெண், கையில் வாள். நீ எழுதிய ராணி வாளைத் தொட்டதேயில்லை. நீ செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளை இப்படி ஆக்கிவிட்டார்கள். முன்னுரையில் இந்த முறையாவது என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

உத்தமபாளையத்துக்கு வெளியே, கண்மாய் மடையில் கிடந்த அந்தக் கல்லை உனக்குக் காட்டியவன் நான். கணவனை இழந்த அரசி ஒருத்தி அந்த மடையைக் கட்டினாள் என்று அதில் வெட்டியிருந்தது இரண்டே வரி. பெயர் இருந்த இடம் சிதைந்து போயிருந்தது. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற நான் அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க முடியாது. திராட்சை வியாபாரியான உனக்கு அந்தத் தடை இல்லை. முழு நாவலே எழுதிவிட்டாய்.

படிக்கும்போதுதான் திடுக்கிட்டேன். படையெடுப்போம் என்று மிரட்ட வந்த தூதர்களிடம் உன் ராணி சொல்கிறாள்: "முதலில் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு கத்தினால் தலைதான் வலிக்கும்." குழாய்த் தண்ணீர்த் தகராறில் எங்கள் வாசலுக்கு வந்து கத்தியவர்களிடம் என் மனைவி சொன்னது அது. அன்று நீயும் இருந்தாய். கோபம் வந்தால் ராணி குரலைத் தாழ்த்துகிறாள். யோசிக்கும்போது வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொள்கிறாள். எல்லாம் என் வீட்டுச் சரக்கு.

"ஒரு ராணி இப்படியா பேசுவா?" என்று கேட்டேன்.

"பின்ன எப்பிடிப் பேசுவாக மாப்ள? நீ எந்த ராணி பேசிக் கேட்ட?" என்று சிரித்தாய். "மத்தவுக எழுதுற ராணிக்குக் கண்ணு இருக்கு, இடுப்பு இருக்கு. எவளுக்காவது பசிக்குதா, சொல்லு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு சாப்பிடுகிறவனுக்கு இத்தனை எப்படித் தெரியும்? நான் கல்லூரியில் இருக்கும் நாட்களிலும் நீ திராட்சைக் கூடையோடு வந்து போகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் போட்டிருந்தார். உன்னிடம் நேராகக் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு முந்திக்கொண்டது. பதில் சொல்லாமல் தப்பிவிட்டாய்.

புத்தகத்தோடு வீட்டுக்குப் போய் என் மனைவியிடமே கேட்டேன். "நான் இல்லாதப்ப அவன் வருவானா?"

அவள் வளையலை மேலே தள்ளிக்கொண்டாள்.

"வருவாக. கூடைய வாசல்ல வச்சு, 'மாப்ள இல்லையாம்மா'ன்னு கேட்டுட்டுப் போயிருவாக. நான் பேசுனதெல்லாம் நீங்க இருக்கையிலதான். நீங்க பேப்பருக்குள்ள இருந்தீக. அந்த அண்ணன் காதுல வாங்குனாக."

இதை நம்புவதா என்று இன்னும் நான் முடிவுசெய்யவில்லை. ஆனால் அவள் வாய் திறந்தால் என் காது அங்கே போய்விடுகிறது. சொன்னது உன் புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் இருக்கிறது. நீ எதையும் விட்டுவைக்கவில்லை.

நேற்று அடுப்படியில் நின்றபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இத்தன வருசமா உங்க சந்தேகத்துக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறேன்."

முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தேடினேன். அது இல்லை. அது எனக்குச் சொன்னது.