மதி என்றாள்

ஞாயிறு, இரவு

சின்ன வயதில் நான் பைத்தியமாகப் பார்த்த விண்வெளித் தொடரின் ஒரு பகுதியை இன்று சாயங்காலம் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கோ ஒரு கிரகத்தில் பழங்காலத்துக் கடவுள் ஒருவர் தனியாக இருக்கிறார். கப்பலில் வந்து இறங்கிய மனிதர்களிடம், இங்கேயே தங்கி என்னைக் கும்பிடுங்கள் என்கிறார்.

எனக்கு வாய் அடங்காது. காட்சிக்குக் காட்சி நிறுத்தி விளக்கம் சொன்னேன்.

"அப்பா, மதி. நானே பாத்துக்கறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்து மலையாளம். போதும் என்று அர்த்தம். இந்த ஊரில் தினமும் காதில் விழுகிற சொல்தான், ஆனாலும் இன்று சுருக்கென்றது. தமிழில் அதே சொல்லுக்கு மரியாதை கொடு என்று பொருள். திரையில் அந்தக் கடவுள் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். யோசித்தால், நானும்தான். வாயை மூடிக்கொண்டேன்.

யாரும் கும்பிடவில்லை. அவர் காற்றோடு கரைந்து போனார். படம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"பாவம்ப்பா. ஒரு விளக்காவது ஏத்தி வச்சிருக்கலாம், இல்லே?"

ராத்திரி நான்தான் தோசை வார்த்தேன். மூன்றாவதை வைத்ததும், "அப்பா, மதி" என்றாள். தமிழாகவே எடுத்துக்கொண்டு இன்னொன்று வைத்தேன்.