பந்தயத் தடத்தில் உன் மகள் கேட்ட கேள்வி

என் பாசத்துக்குரிய அண்ணே,

நீ பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமலே போன இடத்துக்குப் போன வாரம் போய் வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற அந்தப் பேர்போன ரேஸ் டிராக். கூட வந்தது உன் மகள் ஹரிணி. நீ எங்களை விட்டுப் போனபோது அவளுக்கு நாலு வயசு, இப்போது இருபது. உன் மூக்கு, உன் பிடிவாதம், போதாததற்கு உன் பைக்கும் அவளிடம்தான் இருக்கிறது.

அந்த பைக்கை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டும். அண்ணி விடவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மூலக்குளம் வீட்டில் வளைந்த முன்சக்கரத்தோடு ஒரு மூலையில் நின்றது. ஆயுத பூஜை வந்தால் உன் படத்துக்கு ஒரு மாலை, அதற்கு ஒரு மாலை, சந்தனம், குங்குமம். உன்னைக் கொன்ற வண்டியையே சாமியாக்கிக் கும்பிட்ட குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். கும்பிட்டு வளர்ந்தவள் போன வருஷம் அதைச் சரிபண்ணி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் கூடிக் கடலூர் ரோட்டில் பந்தயம் விடுகிறார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து ஞாயிறானால் அவள் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

உன் சாவைப் பற்றி நான் சொல்லிவைத்தது உனக்குத் தெரியுமா? "அண்ணன் ஓரமா மெதுவாத்தான் போனாரு, லாரிக்காரன் அடிச்சிட்டு நிக்காம போயிட்டான்." போலீசுக்கும் அதுதான், அண்ணிக்கும் அதுதான், ஹரிணிக்கும் அதுதான். இல்லாத ஒரு லாரியைப் பதினாறு வருஷமாக நம் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதே கடலூர் ரோட்டில் நாம் இரண்டு பேர்தான். "நோணாங்குப்பம் பாலத்துக்கு யாரு மொதல்ல போறதுன்னு பாக்கலாமா?" என்று கேட்டவன் நான். ஜெயித்தவனும் நான். திரும்பிப் பார்த்தபோது நீ பாலத்துச் சுவரோரம் கிடந்தாய்.

வேகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அவளுக்குப் பயம் வரும் என்று நினைத்துத்தான் டிராக்குக்குக் கூட்டிப் போனேன். அன்று பயிற்சி நாள், கேலரியில் பத்து பேர்கூட இல்லை. ஒரு வளைவில் டயர் தடங்கள் கறுப்பாக நீண்டு, தாரை விட்டிறங்கிச் சரளைக்குள் போயிருந்தன. ஊழியர் ஒருவர் சுற்றிக் காட்டினார். நீ இருந்திருந்தால் இஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி அந்த மனுஷனைப் பாடாய்ப் படுத்தியிருப்பாய். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அவரைக் கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் வரணும் சார். அது வந்து நிக்காம ஒரு வண்டியக்கூட உள்ள விட மாட்டோம்."

அது வந்தது. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றது. யாரும் விழவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனாலும் நான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். பிறகு பைக்குகள் கிளம்பின. கேலரியின் கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், ஹரிணி பொத்தவில்லை. ஒவ்வொரு வண்டியும் வளைவில் சாயும்போது அவளும் கூடச் சாய்ந்தாள்.

"பாத்தியா, இவ்ளோ பாதுகாப்பு இருக்கிற எடத்துலயே எப்படி பயந்து ஓட்டுறாங்க. ஞாயித்துக்கெழம நீ போவாத கண்ணு" என்றேன்.

அவள் தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சித்தப்பா, அப்பா அன்னைக்கு எவ்ளோ ஸ்பீடுல போனாரு?"

"மெதுவாத்தான் போனாரு."

"மெதுவா போனவரே செத்துட்டாரு. அப்ப நான் மட்டும் மெதுவா போயி என்னா ஆவப்போவுது? வர்றது வரட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுடைய தைரியத்தை நானே அல்லவா இத்தனை வருஷமாகச் சோறு போலப் பிசைந்து ஊட்டியிருக்கிறேன்? திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

இன்று சனிக்கிழமை மத்தியானம். வெளியே செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு யாரோ புதிதாக ஒருவன் வருகிறானாம், அவனை முந்தியே தீர வேண்டுமாம். அண்ணி உள்ளே அவளுக்குப் பிடித்த மீன்குழம்பு வைக்கிறார். இந்த வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான்.

பேனாவை மூடிவிட்டு அவளிடம் போகிறேன். "லாரி எதுவும் வரல கண்ணு. உங்கப்பா வேகமாத்தான் போனாரு, போவ வெச்சவன் நான்" என்று இன்றைக்கே சொல்லிவிடுவேன். இது உன்மேல் சத்தியம். அண்ணி என் முகத்தில் விழிப்பாரா? தெரியவில்லை. ஹரிணி இனி என்னைச் சித்தப்பா என்று கூப்பிட மாட்டாள். பரவாயில்லை, உயிரோடு இருந்து கூப்பிடாமல் இருக்கட்டும்.

உன்னைப் பந்தயத்துக்குக் கூப்பிட்ட
உன் தம்பி