ஆலாக்கள் இருந்த திட்டு

ஜனவரி 9

அன்புள்ள சரண்யா,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, இருக்கிறோம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகம் என்று உன் மெயிலில் தெரிந்தது.

பறவை பார்க்க நல்ல இடங்கள் கேட்டிருந்தாய், உன் பறவைப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்த பாவத்துக்குச் சொல்கிறேன்.

பூநாரைக்கு உப்பளங்கள். உப்பு வாரும் பாத்திகளில் தேடாதே. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்திகளில்தான் நிற்கும். வரப்பில் காரை ஏற்றிவிடாதே. உடைந்தால் அங்கே வேலை செய்கிற பெண்கள்தான் மறுபடி மண் சுமக்க வேண்டும். முயல் தீவில் நீர் வற்றும்போது உள்ளானும் உப்புக்கொத்தியும் இறங்கும். பெருங்குளத்தில் கூழைக்கடா. மணப்பாட்டில் கோயில் குன்றுக்குக் கீழே கடல்காகங்கள். இவையெல்லாம் ஊரறிந்த இடங்கள். பெயரோடு போட்டுக்கொள்.

ஆலாப் பறவைகள் 'உன்' மணல்திட்டில் இப்போது இல்லையாமே, எங்கே போயின என்று கேட்டிருக்கிறாய்.

அது உன் திட்டு இல்லை. என் கணவரின் அண்ணன் பர்னபாஸ் அத்தானும் மற்றவர்களும் வலை உலர்த்திய மணல். ஆலா முட்டையிடும் மாதங்களில் வலையை ஓரமாக ஒதுக்கிப் போடுவார்கள். என் சிநேகிதி என்பதற்காகத்தான் அத்தான் உன்னைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் கரையில் மீன்பாடு எங்கே கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தெரியாமல் கேட்டுவிட்டால், "கடல்லதான்" என்று பதில் வரும், எல்லாரும் சிரிப்பார்கள். இதைச் சொல்லித்தான் இடத்தின் பெயரைப் போடாதே என்று உன்னிடம் கேட்டேன். தலையாட்டினாய். பிறகு முதல் பதிப்பில் வரைபடத்தோடு போட்டாய். முன்னுரையில் என் பெயரைச் சொல்லி நன்றி வேறு.

புத்தகம் வந்த அந்த மார்ச்சிலேயே எங்கள் கரைக்குக் கார்கள் வந்தன. டிரோன் பறந்தது. பறவைகள் பயந்து எழும்ப, வெயிலில் முட்டைகள் வெந்துபோயின. யாரோ புகார் செய்ய, திட்டில் எவரும் இறங்கக்கூடாது என்று வனத்துறையினர் பலகை நட்டார்கள். பறவை திரும்பவில்லை. பலகை இருக்கிறது. இப்போது வலைகளை ரோட்டில் உலர்த்துகிறார்கள். டூவீலர்கள் அதன்மேல் ஏறிப் போகின்றன.

அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கணவர் பிரைட்டனிடம், "ஏலே, ஒன் பெஞ்சாதி படிச்சவ. இனிம அவகிட்ட மழை வருதுன்னுகூட சொல்லாத" என்றாராம். அத்தான் மனைவி ஞானம் அக்கா வீட்டிலிருந்து மீன் வருவது நின்றது. குழாயடியில் நான் குடத்தை வைத்ததும், "ஏளா, மெல்லப் பேசுங்க, மேப்புல போட்டுருவா" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்து வைத்தேன். அழுவதைவிட அது மேல்.

போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார், இன்னாருக்குக் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஊருக்கு அறிவிப்பார்களே, அது. மணப்பெண் டயானா, அத்தானின் மகள். என் மடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். அவளுக்குக் கல்யாணம் என்பதை நான் ஊரோடு ஊராகக் கோயிலில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் பிரைட்டன் தலை நிமிரவே இல்லை. அவருக்கும் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அந்த வீட்டில்தானே நான் சமைக்க வேண்டும்.

ஆகவே ஆலாக்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது, சரண்யா. அத்தானுக்குக் கட்டாயம் தெரியும். தெரிந்தவர்கள் என் முன்னால் வாய் திறப்பதில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த வாரம் மூன்றாம் ஓலை வாசித்துவிடுவார்கள், பிறகு கல்யாணம்தான். அதற்குள் அத்தானுக்குப் போன் செய். அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது. மன்னிப்பெல்லாம் வேண்டாம். இடத்தின் பெயர் போட வேண்டாமென்று நான் சொன்னேன், நீதான் போட்டாய் என்பதை மட்டும் சொல். எடுத்ததும் கத்துவார். வைத்துவிடாதே.

உன் பிள்ளைகளை மாதா காக்கட்டும். டயானாவுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், அவளுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில். யார் கையில் கொடுத்தனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
மெர்சிலின்