போராட்டப் பந்தலில் அசனம்

அன்பு மகள் ஸ்மைலினுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பா வாசித்தால் ஆண்டவர் என்பதை அடித்துவிட்டு யூனியன் என்று எழுதுவார். மஸ்கட்டில் வெயில் கூடுதலாமே, தண்ணீர் நிறையக் குடி மக்கா. போனில் பேசினால் அப்பா காதைக் கொடுப்பார், அதனால்தான் கடிதம்.

உன் கல்யாணத்துக்குக் கோயில் வாசல்வரைதான் வருவேன், உள்ளே கைபிடித்துக் கூட்டிவர மாமனைப் பாரு என்று அப்பா சொன்னதிலிருந்து நீ அழுவது எனக்குத் தெரியும். பழைய வேலைநிறுத்தத்தில் சபை வாயே திறக்கவில்லை என்று பிணங்கிப் போன மனுஷன், நானும் கெஞ்சி ஓய்ந்துவிட்டேன். இப்போதும் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எல்லாரும் தோட்டத்து வாசலுக்கு முன்னால் பந்தல் போட்டு இருக்கிறார்கள், அந்த வாரமே நம் கோயிலில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணுகிற அசனம். வீட்டுக்கு வீடு கொடுத்த அரிசியும் காயும் குவிந்து கிடக்கிறது. புதுப் போதகர் ஞானசிங் என்ன செய்தார் தெரியுமா, பாதிச் சபை அங்கே பசியோடு இருக்க இங்கே யாருக்கு விளம்புவது என்று சமைத்ததையெல்லாம் அண்டாக்களோடு டெம்போவில் ஏற்றிப் போராட்டப் பந்தலுக்கே கொண்டுபோய்விட்டார்! பந்தலில் இருந்த அப்பா முதலில் முறைத்தார். ஆதிச் சபையில் எல்லாரும் எல்லாவற்றையும் பொதுவாய் வைத்திருந்தார்கள் என்று போதகர் வேதத்தை வாசித்ததும், இதத்தான போதகரே நாங்களும் கேக்கோம், இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீய என்று சத்தம் போட்டார். பந்தலே சிரித்தது. போதகர் ஜெபத்தை முடித்ததும், முழக்கம் போட்டே பழகின கூட்டம் மொத்தமும் வாய்தவறி ஜிந்தாபாத் என்றது. அப்பா ஒருத்தர் மட்டும் ஆமென் என்றார்! எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாய் வந்தது மக்கா. பிறகு அவரே கரண்டியைப் பிடுங்கி எல்லாருக்கும் சாம்பார் விளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும், ஏட்டி, பிள்ளைய நானே உள்ள கூட்டிட்டு வாறேன் என்றார். கூலிப் பேச்சு இன்னும் முடியவில்லை, அதற்கும் ஜெபித்துக்கொள். நேற்றிலிருந்து முற்றத்தில் உன் கையைப் பிடித்த மாதிரிக் கையை மடக்கிக்கொண்டு நடந்து பழகுகிறார், ஆனால் ஊர்வலத்தில் போகிற வேகம், மெதுவாய் என்றால் கேட்பதில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. ஒன்று மறக்காதே, கல்யாணத்துக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்காதே, அப்பாவுக்கு ஈடுகொடுத்து நடக்கவேண்டும்.

உன் அம்மா
பூங்கனி ரசலையன்