கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட உன் படங்கள்

உன் கேமரா பையை நேற்று உன் வீட்டுக்காரர் சேகர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலை திறந்தேன். கொசு மருந்து வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ஏரிக்கரைப் புல்லுக்குள் கொக்குக்காகக் காத்துக் கிடக்கும்போது கை கால் எல்லாம் பூசிக்கொள்வாயே, அதே வாடை. மூடி சரியாக மூடாத குழாயை ஓரப் பையில் செருகி வைத்திருக்கிறாய். லென்ஸ் துடைக்கிற துணி, பாட்டரி, பாதி தின்ற கடலை மிட்டாய் பாக்கெட், எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

நீ போனதிலிருந்து எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். முன்பெல்லாம் இதை உன்னிடம்தான் கொட்டுவேன். நீயும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ம்... அப்புறம்?" என்பாய். இப்போதும் உன்னிடம்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள்.

நாம் டெக்சாஸில் இந்தக் கேட்டி ஊருக்கு வந்த புதிதில் இருவருக்குமே டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது. நான் அதைச் சொல்லிச் சொல்லி அபார்ட்மென்ட் வாஷிங் மெஷின் அறையில் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ யாரிடமோ ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டாய். "சம்பளம் வாங்கத்தான்டி கூடாது. பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாய். பிறகு விசா மாறியது. நான் என் மென்பொருள் டெஸ்டிங் வேலைக்குத் திரும்பினேன், நீ ஓர் எண்ணெய் கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போனாய். ஆனாலும் சனி ஞாயிறு என்றால் உன் கழுத்தில் கேமரா தொங்கியது. தமிழ்ச் சங்கப் பொங்கல், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, யார் வீட்டுச் சீமந்தம், யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும் நீதான். வசந்தத்தில் ஃப்ரீவே ஓரமெல்லாம் ப்ளூபானட் நீலமாகப் பூத்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பூவுக்குள் உட்காரவைத்து எடுத்துத் தருவாய். எல்லாம் சும்மா, ஆசைக்கு.

ஆனால் 'ரா'வில்தான் எடுப்பேன் என்பது உன் பிடிவாதம். கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தைச் சமைக்காமல், பச்சையாக, முழுசாக வைத்திருக்கும் ஃபைல் அது என்று எனக்கு விளக்கினாய். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து, நிழலில் கிடக்கும் முகத்துக்கு வெளிச்சம் கூட்டி, மண்டபத்து மஞ்சள் விளக்கைத் தணித்து, அதன் பிறகுதான் வெளியே விடுவாய். அதற்குள் ஆட்களுக்குப் பொறுக்காது. சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்பார்கள், "ஃபோட்டோ இன்னும் வாட்ஸ்அப்ல வரலையே?" என்று. நீ சிரிப்பாய். "மாவு அரைச்ச உடனே இட்லி ஊத்துனா கல்லு மாதிரி இருக்கும். கொஞ்சம் பொங்கட்டும்."

சங்கத்துக்குச் செயலாளராக இருக்கும் பிரபாகர் ஒவ்வொரு விழாவிலும் சொல்வார். "இதெல்லாம் ஓவர்ங்க. சாதாரணமா ஜேபெக்ல எடுத்துக் குடுங்க. யாரு இவ்ளோ டீடெய்லா பாக்கப் போறா?" எனக்குச் சுர்ரென்று ஏறும். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைப் பக்கம் நகர்ந்துவிடுவாய்.

அந்தக் கடைசி வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்வெட்டருக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, பேப்பர் கப்பில் பாயசத்தை வைத்துக்கொண்டு. மேடையில் பேரப்பிள்ளை ஆடும்போது எல்லா செல்போனும் மேடையைப் பார்க்கும். உன் கேமரா மட்டும் பின்னால் திரும்பியிருக்கும்.

போன வருஷம் உனக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. தெரிந்தபோது டாக்டர்களால் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. அந்தப் பொங்கலுக்கும் வந்தாய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்தாய். "எடிட் பண்ணித் தர்றேன், கொஞ்சம் லேட்டாகும்" என்று எல்லோரிடமும் சொன்னாய். அதை முடிக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துச் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழா வந்தது. பழைய படங்களை வைத்து ஒரு ஸ்லைடு ஷோ போட வேண்டும் என்றார்கள். சேகர் உன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே தூக்கி பிரபாகரிடம் கொடுத்துவிட்டார். பாவம், அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உன் மேஜையைப் பார்க்க முடியாமல் அந்த அறைக் கதவையே சாத்தி வைத்திருந்த மனுஷன்.

அடுத்த வாரம் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் பிரபாகர் எழுதினார். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் கெட்டுப்போய்விட்டனவாம். சரியாகப் பராமரிக்கப்படவில்லையாம். இத்தனை வருஷத்து நினைவுகளை நாம் இழந்துவிட்டோமாம். ஆகவே உங்கள் போனில் இருப்பதை அனுப்புங்கள். கூடவே ஒரு கும்பிடு.

சரியாகப் பராமரிக்கவில்லையாம்! நீ! ஃபோல்டருக்குத் தேதி, நிகழ்ச்சி, இடம் என்று பெயர் வைக்காமல் தூங்கப் போகாத நீ! குரூப்பில் வரிசையாகக் கும்பிடு விழுந்தது. 'அடடா' என்றார்கள். 'வருத்தமா இருக்கு' என்றார்கள். ஒருத்தி எழுதினாள்: 'அப்பவே சொன்னோம், நார்மலா எடுங்கன்னு. கேட்டாதானே.' அவள் வளைகாப்புக்கு நீ ஜுரத்தோடு போய் நின்றது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆஸ்டினிலிருந்து உன் மகள் மீரா கூப்பிட்டாள். நான் தமிழில் கேட்க, அவள் வழக்கம்போல் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அன்றைக்கு அவளே ஆரம்பித்தாள். "ஆர் தே ஆல் கான், ஆன்ட்டி? எல்லாமே?" அந்த 'எல்லாமே' மட்டும் தமிழில் வந்தது. "இரு, பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு நேராக பிரபாகர் வீட்டுக்குப் போனேன்.

அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஃபோல்டர் முழுக்க வரிசை வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைச் சதுரங்கள். உள்ளே இருப்பதைக் காட்டும் சின்னப் படம், தம்ப்நெயில், ஒன்றிலும் இல்லை.

"பாத்தீங்களா? எல்லாம் பிளாங்க். தம்ப்நெயிலே வரல."

"ஒண்ணையாவது திறந்து பாத்தீங்களா?"

"டபுள் கிளிக் பண்ணேன். இந்த ஃபைலை சப்போர்ட் பண்ணாதுன்னு சொல்லுச்சு."

"சப்போர்ட் பண்ணாதுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? உங்க கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

"கல்பனா, நீங்க எமோஷனலா பேசுறீங்க. நான் இருபது வருஷமா ஐடியில இருக்கேன்."

"நானும் அங்கதான் இருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. டிஸ்க் நல்ல கண்டிஷன்ல இருக்கு. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணி சங்கத்து வீடியோ போட்டுக்கலாம்னு இருந்தேன். சேகர்கிட்டயும் சொல்லிட்டேன், ஓகேன்னுட்டார்."

கேபிளை நானே பிடுங்கினேன். டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து நின்றது நினைவிருக்கிறது. குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கம்ப்யூட்டரில் போட்டேன். இங்கேயும் அதே வெள்ளைச் சதுரங்கள். ஆனால் மென்பொருளில் பிழை தேடுவதுதானே என் பிழைப்பு? முதலில் ஃபைலின் எடையைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கனமாக, முழுசாக இருந்தது. காலியான ஃபைலுக்கு ஏது இந்தக் கனம்? அப்படியென்றால் உள்ளே படம் இருக்கிறது. காட்டத்தான் இதற்குத் துப்பில்லை.

என் கம்ப்யூட்டரில் 'எப்போதும் ஐகானை மட்டும் காட்டு' என்ற பெட்டியில் டிக் விழுந்திருந்தது. வேகமாக ஓடட்டும் என்று என் வீட்டுக்காரர் முரளி எப்போதோ போட்டு வைத்திருக்கிறார். அதை எடுத்தேன். டிஸ்க்கில் நீ போட்டு வைத்திருந்த போன் படங்கள் பளிச்சென்று தெரிந்தன. ரா ஃபைல்கள் அசையவில்லை. ரா ஃபைலைப் படிக்கத் தெரிந்துகொள்ள கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு துணை மென்பொருள் வேண்டுமாம். அதை இறக்கிப் போட்டேன். பழைய தம்ப்நெயில் குப்பையை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். உன் பழைய கேமராவின் ஃபோல்டர்கள் மெல்ல மெல்லக் கண் திறந்தன. கடைசியாக வாங்கினாயே புதுக் கேமரா, அதன் படங்கள் மட்டும் அப்போதும் வெள்ளையாகவே நின்றன.

யார்மேல் கோபப்படுவது சொல். கேமரா கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு புது வகை ஃபைலைக் கண்டுபிடிக்கிறான். கம்ப்யூட்டர்காரன் அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்குள் மனுஷியே போய்விடுகிறாள். இத்தனைக்கும் ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமராவே ஒரு சின்னப் படத்தைத் தயாராக ஒளித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டக்கூட வக்கில்லாமல் ஒரு வெள்ளைச் சதுரத்தை நீட்டுகிறது. பார்க்கிறவனும் 'கெட்டுப்போச்சு' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான்.

"ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுற? விடேன்" என்றார் முரளி. அவரிடமும் கத்தினேன். பிறகு கேமரா கம்பெனியே இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளை இறக்கினேன். அதில் உன் கடைசிப் பொங்கலைத் திறந்தேன்.

வந்தார்கள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சதுரமாக, எல்லோரும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்ததால் எல்லாமே குழந்தைகளின் உயரத்தில். கரும்பு கடிக்கும் வாய்கள், கோலமாவு அப்பிய முழங்கால்கள். அப்புறம் கடைசி வரிசை. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பிரபாகரின் அம்மா, பக்கத்தில் யாரோ எதையோ சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு பொக்கை வாயால் சிரிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அவர்கள் தவறிவிட்டார்கள் என்பது உனக்கே தெரியும். அதைத்தான் அந்த ஆள் ஃபார்மேட் பண்ண இருந்தார்.

படத்தை அவருக்கு அனுப்பினேன். என்ன இருந்தாலும் அம்மா. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'வாவ். சூப்பர் பிக். ஃபுல் ரெசல்யூஷன்ல கிடைக்குமா?'

அவ்வளவுதான். உன் பெயர் இல்லை. குரூப்பில் திருத்தமும் இல்லை. மறுநாள் அந்தப் படத்தை அவர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். போன் போட்டுக் கேட்டேன். "இப்ப எதுக்குங்க பழசைக் கிளறணும்? படம் கிடைச்சிருச்சுல்ல?" என்றார். ஸ்லைடு ஷோவில் உன் பெயர் வர வேண்டும் என்றேன். "பேர் போட ஆரம்பிச்சா முடிவே இருக்காது. நாம எல்லாரும் வாலன்டியர்ஸ்தானே" என்றார்.

ஸ்லைடு ஷோவை நானே செய்தேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும், வெட்டி எடுக்க முடியாத இடமாகப் பார்த்து, உன் பெயரை எழுதினேன். மீரா ஆஸ்டினிலிருந்து வந்து கூட உட்கார்ந்தாள். அம்மா இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்றாள். தேடித் தேடிப் பார்த்தோம். எப்போதும் நீதானே கேமராவுக்குப் பின்னால். கடைசியில் ஒன்று அகப்பட்டது, நான் எடுத்தது. பூவுக்குள் நின்றுகொண்டு வாயைத் திறந்து என்னைத் திட்டுகிறாய். "பட்டனை அழுத்துடி, என் மூஞ்சியைப் பாக்காத" என்று சொன்ன நிமிஷம். மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். "தட்ஸ் ஸோ ஹர்" என்றாள். அப்புறம் அழுதாள். அதையே கடைசிப் படமாக வைத்தோம்.

சேகருக்கும் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "நானும் நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவர் ஒருதரம் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

போன சனிக்கிழமை விழா. ஹைஸ்கூல் அரங்கம் நிறைந்திருந்தது. படங்கள் ஓட ஓட ஒவ்வொரு வரிசையிலிருந்தும் 'ஐயோ, எங்கப்பா', 'அத்தைடா, பாரு' என்று குரல்கள் எழுந்தன. நீ திட்டுகிற படம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு போட்டார்கள். பிரபாகர் மைக்கைப் பிடித்தார். "டேட்டா ரெக்கவரி ரொம்ப சேலஞ்சிங்கா இருந்துச்சு. நம்ம டெக்னிக்கல் டீம்..."

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் எனக்கு முன் வரிசையில் சேகர் எழுந்து நின்றார். வீட்டில்கூட உரக்கப் பேசாத உன் சேகர்.

"ஒரு நிமிஷம் பிரபாகர். ரெக்கவரி எதுவும் நடக்கல. எதுவும் கெட்டுப்போகல. உங்களுக்குத் திறக்கத் தெரியல. நான் திறந்தே பாக்கல. அவ வேலையில ஒரு குறையும் கிடையாது. குரூப்ல எழுதினதை குரூப்லயே மாத்தி எழுதுங்க."

உட்கார்ந்துவிட்டார். மீரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

அன்றே குரூப்பில் திருத்தம் வந்தது. 'சிறு விளக்கம்' என்று தலைப்புப் போட்டு. 'அப்பவே சொன்னோம்' என்று எழுதியவள் அதற்கும் ஒரு இதயம் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனியாவது விடு என்கிறார் முரளி. நான் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூடச் செலவாகாமல் அப்படியே என்னிடம் இருக்கின்றன. எப்படி விடுவது? உனக்குக் கோபப்படத் தெரியாது. உன் பங்கையும் சேர்த்து எப்போதும் நான்தானே பட்டேன்? இந்த ஊரில் அதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. விசா கேட்காத வேலை. நீ போய்விட்டாய் என்பதற்காக அதை விடுவதாக இல்லை.